கரி படியாத சுவர்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மா தீரி என்று பெயர் சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். இன்னொரு பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். வீட்டுக் கணக்கெடுப்பில் அடுப்புப் படிவம் என்று ஒன்று இருந்ததாமே, அதை நிரப்புவது எப்படி என்று கேட்டாள். பர்மியில் நாலே நிமிடத்தில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அன்றைக்கு முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. அது எனக்கும் வசதிதான்.

என் பெயர் தங்கவேலு. ஆபீஸில் பர்மியர்கள் வாயில் அது 'கோ தான்' என்று ஆகிவிட்டது. ரங்கூனில் பிறந்தவன், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வீட்டு வசதி இலாகாவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு மேஸ்திரியாகி, கடைசியில் ஓவர்சியராக ஓய்வு பெற்றேன். சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல் என்று கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. மேலதிகாரி முன்னால் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருடம். இரண்டாவதை நான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டுவிட்டேன்.

என் பொறுப்பில் இருந்த குடியிருப்பில் பன்னிரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றும் நான்கு மாடி. ரயில்வேக்காரர்கள், துறைமுகத்துக்காரர்கள், முனிசிபாலிட்டிக்காரர்கள் என்று எல்லாரும் அரசாங்கத்துக்கு வாடகை கட்டிக் குடியிருந்தார்கள். நான் முதலில் போனபோது சுவர்கள் வெள்ளையாக இருந்தன, குழாயில் தண்ணீர் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. மொட்டை மாடித் தொட்டி ஓட்டையானதும் வீட்டுக்கு வீடு தனித்தனியாக மோட்டார் வாங்கினார்கள். மோட்டாருக்கு மின்சாரம் இல்லாத நாளில் வாளியோடு படியேறினார்கள். சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்தது. பால்கனிக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நான் அறிக்கை எழுதினேன். கியாக்டடாவில் இருந்த தலைமை ஆபீஸிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்தது: 'கவனிக்கப்பட்டது.' கவனித்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏழாவது கட்டடத்தில் மூன்றாம் மாடியில் பதினாலாம் வீடும் பதினைந்தாம் வீடும் அடுத்தடுத்து இருந்தன. பதினாலில் சரோஜாக்கா. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் இறந்துபோனார். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருந்தார். பதினைந்தில் மைமூன் ராத்தா. அவருடைய கணவர் லத்தா பேட்டையில் குடைக்கடை வைத்திருந்தார், அவரும் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. தொழுகைத் தொப்பி தைத்துக் கொடுத்துத் தனியாகக் காலம் ஓட்டினார். வயதில் மூத்தவர் என்பதால் சரோஜாக்காவும் அவரை முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் 'ராத்தா' என்றுதான் கூப்பிடுவார். கீழே நின்று நான் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே இரண்டு வீட்டு மணியும் சேர்ந்து அடிக்கும். இரண்டுக்கும் ஒரே கயிறு. அதன் நுனியில் இருந்த கிளிப்பில்தான் என் நோட்டீஸ்களை மாட்டி அனுப்புவேன்.

ஒரு மழைக்காலத்தில் நான்காம் மாடிக் கக்கூஸ் குழாய் உடைந்து, மைமூன் ராத்தாவின் அடுப்படிக் கூரையில் ஒழுக ஆரம்பித்தது. கக்கூஸ் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் யார் சோறு ஆக்குவார்கள்? மூன்று தடவை அறிக்கை எழுதினேன். மூன்று தடவையும் கவனித்தார்கள். நாலாவது தடவை நான் போனபோது இரண்டு பெண்களும் சேர்ந்து நடுச்சுவரை இடித்து ஒரு வழி செய்திருந்தார்கள். சுத்தியல் கடன் வாங்கி அவர்களே இடித்தது. கதவு நிலை எதுவும் இல்லை, ஒரு பூப்போட்ட திரை மட்டும் தொங்கியது. "ரிப்போர்ட்டு எழுதுவீங்களா தம்பி?" என்று சரோஜாக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். நான் அந்த ஒரு அறிக்கையை மட்டும் எழுதவில்லை.

அன்றிலிருந்து சமையல் பதினாலாம் வீட்டில்தான். அந்த அடுப்பில் மாட்டுக்கறி ஏறக் கூடாது என்று மைமூன் ராத்தா தானாகவே விட்டுவிட்டார். கோழி வாங்கினால் ஹலால் கடையில்தான் என்று சரோஜாக்கா தானாகவே முடிவு செய்துகொண்டார். இதைப் பற்றி அவர்கள் உட்கார்ந்து பேசிக்கூட இருக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுந்து சரோஜாக்கா சோறு வடிப்பார். கார்த்திகைக்கு மைமூன் ராத்தா விளக்குத் துடைத்துக் கொடுப்பார். சில வருடங்கள் கழித்து மேல்வீட்டுக்காரர் தன் செலவில் குழாயை மாற்றினார், ஒழுக்கு நின்றது. ஆனாலும் மைமூன் ராத்தா தன் பழைய அடுப்படிக்குத் திரும்பவில்லை. சுண்ணாம்பு அடித்துப் பாய் விரித்து, அதைத் தொழுகைக்கு வைத்துக்கொண்டார்.

கடைசியில் குடியிருப்பை இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் கட்டுவது என்று முடிவாயிற்று. பழைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு. அதற்குத்தான் கணக்கெடுப்பு. அதற்கு வந்தவர் உ சோ லின் என்ற உதவிப் பொறியாளர். அவர் பெயருக்கு முன்னால் அந்த மரியாதை 'உ'வைப் போடாமல் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர், பிளேடால் சீவிய பென்சில், தோளில் ஒரு பிளாஸ்க். கணக்கெடுக்கும் வீட்டில் தேநீர் குடிக்க மாட்டார். குடித்தால் பென்சில் வளையும் என்பார். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்து, உள்ளே வரலாமா என்று கேட்பார். பத்து வீட்டுக்கு ஒருவர் என்று வார்டில் இருக்கும் தலைவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, எல்லா வீட்டிலும் அதே மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்பார். யார் குடியிருப்பது? எத்தனை பேர்? எங்கே சமைக்கிறீர்கள்?

மூன்றாவதுதான் கேள்வி. மற்ற இரண்டும் ஒப்புக்குத்தான். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து, நாலு குடும்பம் என்று காட்டி நாலு வீடு வாங்கிவிட்டார்களாம். உண்மையில் குடியிருந்த சிலருக்கு வீடு கிடைக்காமல் போய்விட்டது. அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவே இல்லை. அதனால் அவர் கதவை எண்ணமாட்டார், அடுப்பை எண்ணுவார். அடுப்பு ஒன்றானால் குடும்பம் ஒன்று. அடுப்பையும் பொய்யாக வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். "அடுப்பை நேற்று வாங்கலாம், கோ தான். சுவரில் இருக்கிற கரியை நேற்று வாங்க முடியாது." இந்த விதியை முன்கூட்டியே குடியிருப்பவர்களிடம் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு எழுத்து மூலம் உத்தரவு. நியாயமான உத்தரவுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஏழாவது கட்டடத்துக்குப் போன அன்று காலையில் நான்காம் மாடியிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு வீட்டில் பால்கனியைத் தடுத்து இரண்டாவது அடுப்பு வைத்திருந்தார்கள், பின்னால் சுவர் கறுப்பாக இருந்தது. உ சோ லின் தலையாட்டிவிட்டு எழுதப் போனார். நான் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கரி பொடியாக உதிர்ந்தது. சமையல் கரி உதிராது. எண்ணெய் ஏறிப் பிசுபிசுக்கும். இது மண்ணெண்ணெய் விளக்கைக் காட்டிப் பிடித்த கரி. விரலை அவரிடம் காட்டினேன். அந்த வீட்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். படியிறங்கும்போது உ சோ லின், "உங்களுக்குக் கண் இருக்கு, கோ தான்" என்றார். இத்தனை வருட வேலையில் ஒரு அதிகாரி என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மூன்றாம் மாடிக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

"வாங்க தம்பி, வாங்க சயா" என்று சரோஜாக்கா எங்கள் இருவரையும் வரவேற்றார். அதிகாரியை 'சயா' என்று கூப்பிடுவதுதான் இங்கே மரியாதை. மைமூன் ராத்தா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உ சோ லின் இரண்டு கேள்விகளை முடித்து மூன்றாவதைப் பதினைந்தாம் வீட்டுக்காகக் கேட்டார். எங்கே சமைக்கிறீர்கள்?

"எங்க ஆக்குறது? இங்கதான் சயா" என்றார் மைமூன் ராத்தா. பர்மியில் சொல்லிவிட்டு, தமிழில் என்னைப் பார்த்து, "ரெண்டு கெழவிக்கு எதுக்குத் தம்பி ரெண்டு அடுப்பு?" என்று சிரித்தார்.

"ராத்தா கையால ஒரு நாளு, என் கையால ஒரு நாளு" என்று சரோஜாக்கா சேர்த்துக்கொண்டார். "வருசக்கணக்கா ஒரே பானை. சயாகிட்ட சொல்லுங்க தம்பி, ரங்கூன்ல இப்பிடி எங்கயாச்சும் பார்த்திருக்காரான்னு."

பெருமையாகச் சொன்னார். அவர்களிடம் பெருமையடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. நான் மொழிபெயர்த்தேன். உ சோ லின் பென்சிலால் திரையைச் சுட்டி, "பாருங்கள்" என்றார். நான் திரையை விலக்கிப் பதினைந்தாம் வீட்டு அடுப்படிக்குள் போனேன். வெள்ளைச் சுவர். விரலால் தேய்த்தேன். சுண்ணாம்பு ஒட்டியது. வெளியே வந்து வெள்ளை விரலைக் காட்டினேன்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சயா, இந்த அடுப்படி எங்கள் இலாகாவால் போனது, ஒழுக்குக்காக நான் எழுதிய மூன்று அறிக்கைகள் ஆபீஸில் இருக்கின்றன" என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். கேட்காத மனிதர் இல்லை. ஆனால் பாராட்டு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. தெரிந்தவர்கள் வீடு என்று சலுகை காட்டாத நேர்மையான ஆள் என்று இன்னொரு தடவை பேர் வாங்க நினைத்தேன். பதினாலு, அடுப்பு ஒன்று. பதினைந்து, அடுப்பு இல்லை, பதினாலில் சமைப்பதாக அவரே சொன்னார். என் கையெழுத்தில் நான்தான் எழுதினேன்.

படியிறங்கும்போது மைமூன் ராத்தா பின்னாலிருந்து கூப்பிட்டார். "மத்தியானம் இங்க சாப்பிட வாங்க தம்பி. பருப்பும் நெத்திலியும் இருக்கு." போனேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பட்டியலை பம்ப் அறைச் சுவரில் ஒட்டினார்கள். பதினாலும் பதினைந்தும் ஒரே குடும்பம், சரோஜாக்காவின் பெயரில் ஒரே வீடு. முதலில் இருவரும் சிரித்தார்கள். நாங்கள் ஒரு வீடுதான் என்று இப்போது கவர்மெண்டே சொல்லிவிட்டது என்று சரோஜாக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தார். கீழே பொடி எழுத்தில் இருந்ததை மருமகள்தான் படித்துச் சொன்னாள். புது வீட்டில் ரத்த உறவு இல்லாதவர் பெயர் ஏறாது, பெயர் ஏறாதவர் அங்கே தங்கவும் கூடாது.

அன்று சாயங்காலம் சரோஜாக்காவின் மகன் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, ராத்தா எங்க போவாங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் உ சோ லின் மேஜை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுக்கு, மூன்று அறிக்கைகள், இடித்த சுவர், நான் மறைத்தது. அவர் பென்சிலை மேஜைமேல் வைத்தார். பிறகு பிளாஸ்கைத் திறந்து அதன் மூடியில் தேநீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். தன் பிளாஸ்கிலிருந்து அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. "நீங்கள் எழுதினீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். அதை அழிக்க முடியாது. மறுவிசாரணை கேட்கலாம். விசாரணைக்கு வருகிறபோது இரண்டு அடுப்பு இருக்க வேண்டும், நடுவில் சுவர் இருக்க வேண்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமென்று நான் நினைக்கவே இல்லை. சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். கூர்மையான பென்சிலைத்தான் சீவினார்.

லத்தா சந்தையில் மண் அடுப்பு ஒன்று நானே வாங்கினேன். கொத்தனாரைக் கூப்பிடாமல் நானே செங்கல் அடுக்கி, அந்த வழியை அடைத்தேன். கலவை குழைக்கும்போது சரோஜாக்கா திரையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நெசமாவே அடைக்கணுமா தம்பி? பலகை வெச்சு மறைச்சா ஆவாதா?" என்றார். ஆகாது, தட்டிப் பார்ப்பார்கள் என்றேன். கடைசிச் செங்கலை வைக்கும் முன் மைமூன் ராத்தா அந்தப் பக்கத்திலிருந்து, "சரோஜா, என் மூக்குக் கண்ணாடி அங்கயா இருக்கு?" என்று கேட்டார். அந்த ஓட்டை வழியாகத்தான் கண்ணாடியைக் கொடுத்தோம். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாதம், விசாரணை முடிகிற வரைக்கும் தனித்தனியாக ஆக்கிச் சாப்பிடுங்கள், கரி படியட்டும், யாராவது கேட்டால் எப்போதும் தனி அடுப்புதான் என்று சொல்லிவிடுங்கள் என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன். மண்ணெண்ணெய் விளக்குக்காரனை மாட்டிவிட்ட அதே ஆள்தான் இந்தப் பாடத்தைச் சொன்னது.

விசாரணை வார்டு ஆபீஸில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெளியிலிருந்து வந்தவர், எங்களுக்குப் பழக்கமில்லை. இரண்டு அடுப்பையும் சுவரையும் பார்த்தவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். பத்து வீட்டுத் தலைவர் நல்ல மனிதர், தனித்தனிக் குடும்பம்தான் என்றார். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் நடுவில் இருந்தவர் பழைய படிவத்தைப் புரட்டி, மைமூன் ராத்தாவை எழுந்து நிற்கச் சொன்னார். "பதினாலில் சமைப்பதாக நீங்களே சொன்னீர்கள் என்று இதில் எழுதியிருக்கிறது. இப்போது வேறு சொல்கிறீர்கள். நீங்கள் தொழுகிற அம்மா. உங்கள் கடவுள் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். இந்த அம்மா வீட்டில் நீங்கள் எப்போதாவது சாப்பிட்டதுண்டா?"

ராத்தா முதலில் என்னைத்தான் பார்த்தார். தலையில் போட்டிருந்த வெள்ளைத் துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் சரோஜாக்கா உட்கார்ந்திருந்தார். நான் தலையை அசைத்தேன். சொல்லுங்கள் என்றுதான் அசைத்தேன்.

"இல்ல" என்றார் ராத்தா. "அல்லா சாட்சி. அவ வீட்டில நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்ல."

எழுதிக்கொண்டார்கள். இரண்டு வீடு என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும் சரோஜாக்கா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்தா, வாங்க, கடையில மொஹிங்கா சாப்பிடுவோம், தம்பி காசு குடுக்கும்" என்று கூப்பிட்டார். ராத்தா திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தார். கால் வலிக்காரர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

புதுக் கட்டடம் எழும்பும் வரை எல்லாரையும் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊர்ப் பக்கத்தில் இருந்த தற்காலிகக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். தகரக் கூரை, நீளமான வரிசை, தடுப்புக்குப் பலகை. அங்கே விசாரணையும் இல்லை, பார்க்கிறவர்களும் இல்லை. போன முதல் நாளே சரோஜாக்கா இருவருக்கும் சேர்த்து உலை வைத்தார். ராத்தா வரவில்லை. வயிறு சரியில்லை என்றார். மறுநாளும் வயிறு சரியில்லை. ஒரு வாரம் கழித்து நான் பாலம் தாண்டி பஸ்ஸில் போய் அவரைப் பார்த்தேன். மண் அடுப்பில் தனியாகக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்.

"கோவமா ராத்தா?" என்றேன்.

"யாரு மேல கோவம்? உங்க மேலயா? எனக்கு வீடு வாங்கிக் குடுத்தீங்க." கஞ்சியைக் கிளறினார். "இமாம்கிட்டப் போய்ச் சொன்னேன் தம்பி. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்னு. மன்னிப்புக் கேளு, நோன்பு வையின்னார். வெச்சேன். அல்லா மன்னிச்சிருவான். அவன் பெரியவன்."

"அப்புறம் என்ன?"

"அவ மொகத்துக்கு நேரா சொன்னேனே. இத்தன வருசம் அவ போட்ட சோத்த, ஒரு நாளும் தின்னதில்லன்னு சொன்னேன். ஒரு வீட்டுக்காகச் சொன்னேன். இனி அந்தச் சோத்துல எப்பிடிக் கை வெக்கிறது? எனக்குக் கை வராது தம்பி. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

நான் என்னென்னவோ சொன்னேன். அதிகாரிகளுக்காகச் சொன்னதுதானே, வீடு போகிற நேரத்தில் சொன்னதுதானே, சரோஜாக்காவே சந்தோஷப்பட்டாரே என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கஞ்சி குடிக்கிறீங்களா?" என்றார்.

பழைய கட்டடங்களை இடித்தபோது நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது. அது என் கடைசி வருட வேலை. ஏழாவது கட்டடம் அரை நாளில் கீழே வந்தது. நான் அடைத்த பகுதி மட்டும் உடையாமல் ஒரே பாளமாகக் குவியலில் கிடந்தது. இரண்டு பெண்களுக்கு நடுவே கட்டிய அந்தச் சுவர்தான் நான் செய்ததிலேயே உறுதியான வேலை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. புழுதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புது வீடுகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். சரோஜாக்காவுக்கு ஆறாம் மாடி, ராத்தாவுக்கு வேறு கட்டடத்தில் பத்தாம் மாடி. நான் உ சோ லின்னிடம் போய் நின்றேன். அவர் ஆறாம் மாடியில் சரோஜாக்காவுக்குப் பக்கத்து வீடு கிடைத்தவரைத் தானே தேடிப்போய்ப் பேசி, மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விதிகளுக்குள் அதற்கு இடம் இருந்தது. தேடிப் பார்க்கிறவர்களுக்கு எப்போதும் இருக்கும். பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், மீதி தானாக நடந்துவிடும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். நம்பி என்ன செய்ய.

வர்ணம் அடித்த கட்டடம், லிப்ட், ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளை ஓடு பதித்த அடுப்படி. பால்கனியில் கயிறு கட்டக் கூடாதாம், அழகு கெடுமாம். திரும்பி வந்த பழைய குடும்பங்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் விற்றுவிட்டு ஊரின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று நான்காம் மாடிக்குத் தெரியாது. இருந்தாலும் ஒழுகாத கூரை, குறை சொல்லக் கூடாது. அந்த ஒழுகாத கூரையின் கீழ் இரண்டு பெண்களும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாக உலை வைக்கிறார்கள். எதிரில் பார்த்தால் பேசுவார்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். சோறு மட்டும் இல்லை.

மா தீரியின் போன் வந்த மறுவாரம் அங்கே போனேன். சரோஜாக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அன்றைக்குப் புளிச்சக்கீரையில் இறால் போட்டு ஆக்கியிருந்தார். எனக்குப் போட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்துத் தட்டால் மூடினார்.

"தம்பி, இத ராத்தாகிட்ட குடுத்துட்டு வரீங்களா? ரெண்டு நாளா அங்க அடுப்புச் சத்தமே கேக்கல. உங்க வீட்டுதுன்னு சொல்லுங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க, நீங்க கவுர்மெண்டு ஆளு."

பக்கத்துக் கதவைத் தட்டினேன். ராத்தா ரொம்ப மெலிந்திருந்தார். கிண்ணத்தை வாங்கித் தட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார். ஆவி முகத்தில் பட்டது.

"யாரு வீட்டு ஆணம் தம்பி?"

எங்கள் வீட்டுக் குழம்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரோஜாக்கா குடுத்தாங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பூண்டு தட்டிப் போட்டிருக்கா" என்றார். பிறகு, "அவளுக்கு முட்டி எப்பிடி இருக்கு?" என்றார். சொன்னேன். வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"சூடு ஆறிடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

வெளியே வந்தேன். இரண்டு கதவுக்கும் நடுவில் எட்டடி இருக்கும். நிறைந்த கிண்ணத்தோடு அந்தக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. மாடிப்படிப் பக்கம் போய், ஒரு படியில் உட்கார்ந்து, சோறு இல்லாமல் வெறும் குழம்பைக் கையால் அள்ளிச் சாப்பிட்டேன். ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். இறால் ஒன்று விடாமல் சாப்பிட்டு, கிண்ணத்தை வழித்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

சரோஜாக்கா கதவருகிலேயே நின்றிருந்தார். காலிக் கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தார்.

"சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"உப்பு?"

"சரியா இருக்குன்னாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தார். எனக்கு முதுகு காட்டியபடியே கேட்டார்.

"நாளைக்கும் வருவீங்களா தம்பி?"

வருகிறேன் என்றேன்.